ஜன்னல் எந்தப் பக்கம்?

என் சித்தியைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவளோடு சுற்றுலா போய்வந்த யாரைக் கேட்டாலும், "அந்தம்மாவுக்கு என்ன ஒரு கரிசனம், என்ன ஒரு கவனிப்பு!" என்பார்கள். கரிசனமாவது கத்திரிக்காயாவது. எல்லாம் பயம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டி வேலை. ஒரு குச்சியில் கட்டிய சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். பின்னால் வருகிறவர்களிடம் இது கோட்டை, இது அருவி, இங்கே வழுக்கும் என்று சொல்ல வேண்டும். கோட்டையையும் அருவியையும் ஒப்புக்குச் சொல்லிவிட்டு, வழுக்கும் என்பதை மட்டும் நாலு தடவை சொல்லுவாள். மற்ற நேரமெல்லாம் தலை எண்ணுவாள். ஏறும்போது ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை, முதல் வளைவு திரும்பியதும் இன்னொரு தடவை.

"ஓடுற பஸ்லருந்து எவன் குதிக்கப் போறான்க்கா?" என்று டிரைவர் ஒருநாள் கேட்டார்.

"குதிச்சிட்டா?" என்றாள் சித்தி.

அன்றிலிருந்து டிரைவரும் கண்ணாடியைப் பார்த்து எண்ண ஆரம்பித்துவிட்டார்.

எண்ணி முடித்ததும் நீளமான நோட்டு ஒன்றில் இடம், நேரம், தலை என்று மூன்று கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். தோளில் தொங்கும் பையில் பஸ்ஸைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். ஊசி நூல், டார்ச், காது மெஷினுக்குக் குட்டி பேட்டரி, நாலு பவரில் மூக்குக்கண்ணாடி, குமட்டுகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம், அழுகிற குழந்தைக்குக் காட்ட ஒரு ரப்பர் தவளை. அந்தத் தவளையை நான் ஒரு தடவை டிரைவர் சீட்டில் வைத்தேன். அது வேறு கதை. பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவருக்கும் போன் போடுவாள். மற்ற வழிகாட்டிகள் சாப்பாடு சைவமா அசைவமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். சித்தி கடைசியாக இன்னொன்று கேட்பாள்: "வீட்டுல நீங்க படுக்கும்போது ஜன்னல் எந்தப் பக்கம் வரும்? இடமா, வலமா?"

பாதிப் பேர் சிரிப்பார்கள். பாதிப் பேர், "இருங்க, படுத்துப் பாத்துட்டு வர்றேன்" என்று போய்விடுவார்கள். அதை எழுதி வைத்து, லாட்ஜுக்கு லாட்ஜ் ஒவ்வொரு அறையிலும் தானே கட்டிலில் படுத்துப் பார்த்துப் படம் போட்டு, இடது ஜன்னல்காரர்களுக்கு இடது ஜன்னல் அறை, வலதுக்கு வலது என்று சாவி கொடுப்பாள். "உங்க சுற்றுலாவுல மட்டும் எப்படியோ நல்லா தூக்கம் வருதும்மா" என்று ஆட்கள் சொல்லும்போது ஏன் என்று விளக்க மாட்டாள்.

இந்த ஜன்னல் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சித்திக்கு ஏழு வயதில், ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பஸ் நிலையத்தில் தலை எண்ணியது என் அம்மா. அம்மாவுக்கு அப்போது பதினாலு. ஒன்பது பேர் இருக்க வேண்டும். ஒன்பது பேர் இருந்தார்கள். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த ஒன்பதில் ஒன்று பக்கத்து வீட்டுப் பையன் என்று தெரிந்தது. சித்தி பஸ் நிலையத்து பெஞ்சுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே பெருக்குகிற அம்மாள் ஒருத்தி அவளைத் தூக்கிப்போய்த் தன் வீட்டில் படுக்க வைத்தாள். "கண்ணு முழிச்சப்ப ஆளுங்க யாருன்னு தெரியாததுகூட பயமா இல்ல. ஜன்னல் வேற பக்கம் இருந்துச்சு பாரு, அதுதான்" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அம்மா இதை விசேஷ வீடுகளில் ஜோக்காகச் சொல்லுவாள். சித்தியும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அங்கே உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுவாள்.

கணக்கு எங்கள் குடும்பத்துக்கு வராது. எனக்கும் வரவில்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதற்கு அது ஒரு காரணம். கடைசி மணியைக் காலை பதினொன்றரைக்கே நான் அடித்ததும், முன்னூறு பேர் வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் இன்னொரு காரணம். "இவ வீட்டுல இருந்தா என் உசிரை வாங்குவா, நீயே கூட்டிட்டுப் போ" என்று அம்மா என்னைச் சித்தி தலையில் கட்டினாள். தண்ணீர் பாட்டில் கொடுப்பதும் பெட்டி இறக்குவதும் என் வேலை. பஸ்ஸில் எனக்கு 'வாலு' என்று பெயர்.

நான் சொல்லப்போகும் பயணத்தில் முப்பத்தொரு பேர். என்னையும் சேர்த்துச் சித்தி கணக்கில் முப்பத்திரண்டு தலை. அதில் ஒருவர் ஓய்வுபெற்ற ரயில்வே கேட்காரர். ரயில் வரும்போது சாலைக் கேட்டை மூடுவது, போனதும் திறப்பது. முப்பத்தாறு வருஷம் ஒரே கேட். அவருடைய மகள் போனில் பேசியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எழுதுவதற்கு இரண்டு கையும் வேண்டும் என்று சித்தி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"அப்பாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லக்கா. நடப்பாரு, சாப்பிடுவாரு, எல்லாம் ஞாபகம் இருக்கு. தூங்கி எழுந்தா மட்டும் ஒரு பத்து நிமிஷம் எங்க இருக்கோம்னு தெரியாது. டியூட்டிக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடுவாரு. எதிர்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசினா சரியாயிடும். எனக்கு ஆபரேஷன், வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆஸ்பத்திரியில இருக்கணும். பாத்துக்க வேற ஆளில்ல. அதுவுமில்லாம... வாழ்நாள் பூரா போறவங்களுக்குக் கொடி காட்டிட்டே இருந்தாரு. அவரும் ஒரு தடவை எங்கயாவது போகட்டுமேன்னு."

சுற்றுலா கம்பெனி முதலாளி வேண்டவே வேண்டாம் என்றார். "ஒரு ஆளு தொலைஞ்சாலும் உன் வேலை போச்சு, சொல்லிட்டேன்." சித்தி பயந்தாள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அப்புறம் மகளுக்குப் போன் போட்டு, "ஜன்னல் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள்.

"இடது பக்கம்க்கா."

"எழுந்ததும் முதல்ல எதைப் பாப்பாரு?"

"எதிர் சுவத்துல காலண்டர் மாட்டியிருக்கும். அதைத்தான் பாப்பாரு."

பஸ்ஸில் அவர் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சாலையில் எங்கே ரயில்வே கேட் வந்தாலும் எழுந்து நின்று, அங்கே கம்பு நேராக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பள்ளிக்கூட மணிக் கதையை நான் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் அவர் சிரிக்கவில்லை.

"மணின்னா சும்மாவா பாப்பா? முப்பத்தாறு வருஷத்துல நான் ஒரு தடவைகூட முன்னாடியும் அடிச்சதில்ல, பின்னாடியும் அடிச்சதில்ல."

'வாலு' என்று கூப்பிடாதவர் அவர் ஒருத்தர்தான். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதனால்தான் நடந்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு மாடி லாட்ஜில் இறங்கினோம். சாப்பாடு, தூக்கம், நாலு மணிக்குக் கிளம்பி ஏரிக்குப் படகு. மாடியில் முன்பக்க அறைகள் தோட்டத்தைப் பார்த்தவை. கீழே பின்பக்க அறைகளுக்குப் பின்னால் ஒரு வேலி, வேலிக்கு அப்பால் தண்டவாளம். சாவிகளைப் பெயர் எழுதிய கவர்களில் போட்டுச் சித்தி ரிசப்ஷனில் அடுக்கி வைத்திருந்தாள். கேட்காரருக்கு மாடியில் பன்னிரண்டாம் நம்பர், அவளுடைய பதினொன்றுக்கு நேர் எதிர். 'மைக் மாமா'வுக்குக் கீழே பதினேழு.

மைக் மாமாவைச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் மைக் கையில் கிடைத்தால் கொடுக்க மாட்டார். முதல் நாள் மட்டும் மூன்று மணி நேரம் பாடினார். மைக்கைப் பிடுங்கினால் அறையில் பாடுவார். இந்த மனுஷனைச் சித்தியின் எதிர் அறையில் போட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் முடிந்தது. இரண்டு கவர்களுக்குள் இருந்த சாவிகளை மாற்றினேன். கேட்காரர் தூங்கி எழும் விஷயம் ஞாபகம் இருந்தது. ஆனால் அது ராத்திரித் தூக்கத்துக்கு என்று நினைத்தேன். மத்தியானத் தூக்கமும் தூக்கம்தான் என்பது மண்டையில் ஏறவில்லை.

சித்தி அந்த நேரம் கால் பிசகிய ஒரு அம்மாளுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். சாவியை லாட்ஜ் கிளார்க் கொடுத்தார். அவரவர் அறைக்குப் போனார்கள்.

மைக் மாமா எப்போது பாட ஆரம்பிப்பார் என்று மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். சித்தி சாப்பிட்ட கையோடு ஒரு நாற்காலியை இழுத்துவந்து நடையில் போட்டு, பன்னிரண்டாம் நம்பர் கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். மடியில் நோட்டு. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். ஒன்றரை மணியிலிருந்து மூன்றரை மணி வரை அவள் அந்தக் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு தடவை கொட்டாவி விட்டாள். அதையும் எழுந்து நின்றுதான் விட்டாள், உட்கார்ந்தபடி விட்டால் தூங்கிவிடுவோமோ என்று. கீழே எங்கோ தூரத்தில் ரயில் ஊதியது. உள்ளேயிருந்து பாட்டும் வரவில்லை. ஜோக் நமத்துப் போய்விட்டதே என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

மூன்றரைக்குக் கதவு திறந்தது. சித்தி சட்டென்று எழுந்து, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு, "எழுந்துட்டீங்களாப்பா? நான்தான் வழிகாட்டி..." என்று ஆரம்பித்தாள்.

வெளியே வந்தது மைக் மாமா. கையில் ஒரு தாள்.

"எம்மா, இது என்னம்மா கூத்து? செவுத்துல ஒட்டியிருக்கு. 'நீங்கள் சுற்றுலா வந்திருக்கிறீர்கள். இன்று உங்களுக்கு டியூட்டி இல்லை, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார். உங்கள் மகள் வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போவாள்.' எனக்கு மகளே இல்லையேம்மா! ரெண்டும் தடிப்பசங்க!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சித்தியின் முகத்தில் ஒட்டிய சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. காலண்டர் இருக்க வேண்டிய இடத்தில், அவர் முதலில் பார்க்கிற இடத்தில் அவள் ஒட்டி வைத்த தாள் அது.

"சித்தி, சாவியை நான்தான் மாத்தினேன்."

அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எந்த ரூம்?" என்றாள். குரல் காற்று மாதிரி இருந்தது.

"பதினேழு."

"பின்பக்கம்," என்றாள். "வலது ஜன்னல்." அப்புறம் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. படியில் வழுக்கும் என்று நாலு தடவை சொல்கிறவள், இரண்டிரண்டு படியாகத் தாண்டினாள்.

பதினேழு திறந்து கிடந்தது. போர்வை மூலைக்கு மூலை சேர்த்து மடித்திருந்தது. கட்டிலின் வலது பக்கம் ஜன்னல். ஜன்னல் நிறைய தண்டவாளம். செருப்பு இல்லை. குளியலறையில் இல்லை. ரிசப்ஷனில் கிளார்க், "பெரியவரா? அஞ்சு நிமிஷம் முன்னாடி போனாரே. வணக்கம் சொன்னாரு, டியூட்டிக்கு நேரமாச்சுன்னாரு. உங்க ஆளுங்களுக்கு ஏதோ நிகழ்ச்சி போலன்னு நினைச்சேன்" என்றார்.

சித்தி எங்கே தேடக் கிளம்பினாலும் கொடியோடுதான் கிளம்புவாள். தூரத்திலிருந்து ஆட்கள் பார்க்கட்டும் என்று. ரிசப்ஷன் மூலையில் அவள் கொடியைச் செருகி வைத்திருந்த குடைப் பானையில் கைவிட்டாள். கொடி இல்லை.

"கொடியை எடுத்துட்டுப் போயிருக்காரு," என்றாள். இரண்டு பேரும் தண்டவாளத்தை நோக்கி ஓடினோம்.

லாட்ஜ் வாசலிலிருந்து இடதுகைப் பக்கம் இருநூறு அடியில் சாலையைத் தண்டவாளம் வெட்டுகிறது. ஆள் இல்லாத கேட். ரயில் வந்தால் மணி அடித்துக் கம்பு தானாக இறங்கும். தண்டவாளத்தில் வலது பக்கம் மேடும் வளைவும். ரயில் முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் தெரியும். நாங்கள் பாதி தூரம் ஓடும்போதே மணி அடிக்க ஆரம்பித்தது. அந்த மணி இன்னும் என் காதில் இருக்கிறது. டங் டங் டங் என்று, யாருக்காகவும் நிற்காத மணி.

அவர் தண்டவாளத்துக்கு நடுவில் குனிந்து நின்றிருந்தார். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சாலை கடக்கும் இடத்தில் தண்டவாளப் பள்ளத்துக்குள் விழுந்த ஜல்லிக்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா! இந்தப் பக்கம் வாங்க!" என்று சித்தி கத்தினாள். அவர் திரும்பவில்லை. கம்பு இறங்கியது. நான் கம்புக்கு அடியில் புகுந்தேன். என் பின்னால் சித்தி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. ரயில் ஊதியதும் கேட்டது. தண்டவாளம் காலுக்கடியில் நடுங்கியது. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "தாத்தா, வாங்க தாத்தா, வண்டி வருது!"

அவர் நிமிர்ந்தார். அது பஸ்ஸில் பார்த்த முகம் இல்லை. முப்பது வயது குறைந்த, கோபக்கார முகம்.

"வண்டி வருதுன்னு எனக்குத் தெரியும். நீ யாரு? லைன்ல என்ன வேலை உனக்கு?"

என் சட்டைக் காலரைப் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி அந்தப் பக்கம் இழுத்துப்போய், வெள்ளை அடித்த ஒரு கல்லுக்குப் பின்னால் உட்கார வைத்தார். தானும் என் முன்னால் விறைத்து நின்றார். மறு நொடி வண்டி வந்தது.

சரக்கு வண்டி. காற்று என்னைக் கல்லோடு சேர்த்து அழுத்தியது. பெட்டிகளுக்கு இடையில் சித்தி தெரிந்தாள், மறைந்தாள், தெரிந்தாள். நாங்கள் கடந்துவிட்டோமா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அவள் வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அதே மாதிரி திறந்திருந்தது. கடைசிப் பெட்டி போனதும் பார்த்தால், அவள் சாலையில் உட்கார்ந்து ஒரு விரலை நீட்டி எங்களைக் காட்டி, "ஒண்ணு... ரெண்டு" என்றாள்.

கம்பு தானாக மேலே போனது. கேட்காரருக்கு வந்ததே கோபம். "யாருடா தூக்கினது? நான் சொல்லாம எவன் தூக்கினது?"

சித்தி எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு வந்தாள். அவரைத் தொடவில்லை. நீங்கள் சுற்றுலா வந்திருக்கிறீர்கள் என்றும் சொல்லவில்லை. அறையில் என்றால் சுவரைப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடுவார். இங்கே அவர் எதிரில் இருந்தது நிஜத் தண்டவாளம்.

"வண்டி நேரத்துக்குப் போச்சாங்க?" என்று கேட்டாள்.

"நாலு நிமிஷம் லேட்."

"கிளம்பலாமா?"

"எங்க கிளம்பறது? மாத்து ஆளு வரல. அடுத்த வண்டி நாலு பத்துக்கு. கேட்டை அப்படியே விட்டுட்டுப் போனா கொலை பண்ணின மாதிரி."

நாலு பத்துக்கு நிஜமாகவே ஒரு வண்டி உண்டு என்று வந்து இறங்கியபோதே கிளார்க் சொல்லியிருந்தார். சித்தி தண்டவாளத்தைப் பார்த்தாள், வளைவைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"வந்தாச்சே. இதோ நிக்கறாளே மாத்து ஆளு."

அவர் என்னை மேலும் கீழும் அளந்தார். "பொண்ணா?"

"ஏன், பொண்ணுங்க மூடினா கேட் மூடாதா?" என்றேன். அழுத மூக்கோடு பேசியதில் மிடுக்கு சரியாக வரவில்லை.

"மூடும். நீ மூடுவியான்னுதான் கேக்கறேன். சிவப்பை எப்ப விரிக்கணும்?"

"வண்டியை நிறுத்தணும்னா."

"மத்த நேரம்?"

அவர் கக்கத்தைப் பார்த்துச் சொன்னேன்: "சுருட்டி வெச்சிருக்கணும்."

"பச்சை எங்க? பச்சை இல்லாம எப்படி டியூட்டி பாக்கறது? காலையிலருந்து தேடறேன்."

என் துப்பட்டா பச்சை. கழற்றிக் கொடுத்தேன். இழுத்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டி, சிவப்பையும் சேர்த்து என்னிடமே கொடுத்தார். "விளக்கு?"

சித்தி பையில் கைவிட்டு டார்ச்சை எடுத்தாள். அவர் அணைத்து ஏற்றிப் பார்த்து என்னிடம் கொடுத்தார். "சாவி?" பதினேழாம் நம்பர் சாவி அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. அதையும் கொடுத்தார். "புத்தகம்?"

சித்தி தன் நோட்டை நீட்டினாள். அதை அவள் யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கேட்காரர் ஒரு வரி எழுதினார்: கொடி இரண்டு, விளக்கு ஒன்று, சாவி ஒன்று, சரியாக ஒப்படைத்தேன். கீழே கையெழுத்து. எனக்கு ஒரு இடத்தை விரலால் காட்டினார். போட்டேன். தேர்வுத்தாள் தவிர வேறு எதிலும் நான் அதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

அதற்குள் பஸ் எங்களைத் தேடி அங்கே வந்துவிட்டது. ஏரிக்குப் போகும் வழி அதுதான். சித்தி அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். படியில் ஏறியவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"வண்டி போற வரைக்கும் நகரக்கூடாது."

"நகரமாட்டேன்."

நானும் பின்னாலேயே ஏறிக்கொண்டிருக்கலாம். கம்பு தானாக இறங்கும், தானாக ஏறும். என்னால் அங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அவர் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அதனால் நின்றேன். வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு கையில் சுருட்டிய சிவப்பு, ஒரு கையில் துப்பட்டா. இந்த வேலையை ஒருவர் முப்பத்தாறு வருஷம் பார்த்தாரா என்று இருந்தது.

பஸ்ஸுக்குள் நடந்ததை டிரைவர் அப்புறம் சொன்னார். வழக்கம்போல நாலு மணிக்கு முதலாளி போன் போட்டாராம், எல்லாரும் இருக்காங்களா என்று.

"பயணிங்க முப்பத்தொண்ணும் இருக்காங்க. எங்க ஆளு ஒருத்தி வெளியில நிக்கறா. அவ ஏறினாத்தான் பஸ் நகரும்" என்றாளாம் சித்தி.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒரு தப்பு நடந்துபோச்சு. நாளைக்கு நேர்ல வந்து எல்லாத்தையும் சொல்றேன். மறைக்க மாட்டேன்."

மைக் மாமா மைக்கை எடுத்தாராம். சித்தி திரும்பிப் பார்த்ததும் வைத்துவிட்டாராம்.

மணி அடித்தது. கம்பு இறங்கியது. வளைவிலிருந்து பயணிகள் வண்டி வந்தது. துப்பட்டாவை நீட்டிப் பிடித்தேன். காற்றில் அது என் முகத்தையே சுற்றியது, பிடுங்கி மறுபடி நீட்டினேன். ஜன்னல்கள் ஓடின. கடைசிப் பெட்டியின் வாசலில் நின்ற கார்டு என்னைப் பார்த்தார். இது யாருடா என்று நினைத்திருப்பார். ஆனாலும் கையிலிருந்த பச்சையை எடுத்து ஒரு தடவை காட்டினார்.

பஸ்ஸில் ஏறியபோது சித்தி வாசலிலேயே நின்றிருந்தாள். என் தலையில் கை வைத்து, "முப்பத்திரண்டு" என்றாள். கை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"வேலை போயிடுமா சித்தி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியல. நாளைக்கு நீயும் வர்ற, முதலாளிகிட்ட."

சரி என்றேன். எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் இருந்தது. அவளுக்கு அது எப்போதும் இருப்பதுதான், எனக்குத்தான் புதுசு.

கேட்காரர் தன் சீட்டில் கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார். முகம் பழைய முகமாகியிருந்தது. "ஏரிக்கு இன்னும் எவ்வளவு நேரம் பாப்பா?" என்றார். அரை மணி என்றேன். பழையபடி தெளிவுக்கு வந்துவிட்டார் என்று நினைத்து அவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"புத்தகத்துல நேரம் போட்டியா?"

போடவில்லை. நோட்டை மடியில் வைத்து 'நாலேகால்' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"நாலேகாலா? வண்டி போனது நாலு பதினாலு. ஒரு நிமிஷம்னா உனக்கு விளையாட்டா? திருத்து."

திருத்தினேன்.